தண்ணி வர்ற நாளைக் கணக்கு வைக்க ஒரு ஆப் போடலாமா?

அம்மாபேட்டை_தம்பி | சனி, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூருல சாஃப்ட்வேர் வேலை, பொங்கலுக்குக் கொஞ்சம் முன்னாடியே லீவு போட்டு ஊருக்கு வந்துட்டேன். வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "தண்ணி வந்து எத்தனை நாளாச்சு தெரியுமா?" எனக்கு எப்படித் தெரியும்? கேட்ட அம்மாவுக்கே சரியாத் தெரியல. அவங்க அஞ்சு நாள்னாங்க. பக்கத்து வீட்டுல ஏழு நாள்னாங்க. அப்பா "நேத்துதானே வந்துச்சு"ன்னார். (அவர் குடம் தூக்குற ஆள் இல்ல.)

அப்பத்தான் இது தோணுச்சு. ஒரு ஆப். குழாயில தண்ணி வந்தா ஒரு பொத்தான், நின்னா இன்னொரு பொத்தான். வார்டு வாரியா வரைபடத்துல கலர் மாறும். நம்ம சேலம் மாநகராட்சியோட 60 வார்டுலயும் நூறு நூறு பேர் போட்டாப் போதும், எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருக்கா தண்ணி வருதுன்னு ஊருக்கே தெரிஞ்சிடும். யாரு வேணும்னாலும் அந்தக் கணக்கை இறக்கிக்கலாம். மத்திய அரசோட திறந்த தரவுத் தளத்துல (2012-ல ஆரம்பிச்சது) தேடிப் பார்த்தேன். மாவட்டம் அளவுல மொத்தக் கணக்கு கிடைக்குது, அதுவும் பழசு. தெரு அளவுல நான் தேடினது எதுவும் சிக்கல.

இதுக்கு முன்னாடி யாராவது இப்படி முயற்சி பண்ணியிருக்கீங்களா?

தட்டுவடை_செட் | சனி, இரவு 9.58

தம்பி, கோவிச்சுக்காதீங்க. இந்த மன்றத்துல நான் பார்க்குற நாலாவது ஆப் இது. முதல்ல குப்பைக்கு, அடுத்தது தெருநாய்க்கு, மூணாவது ஆட்டோ கட்டணத்துக்கு. மூணும் இப்ப என் பழைய போன்ல மட்டும்தான் இருக்கு. அந்த போன் தண்ணித் தொட்டியில விழுந்துடுச்சு.

சந்தேகம் | சனி, இரவு 10.20

கேலியை விடுங்க. ஒரு கேள்வி. பொத்தானை அமுக்கப்போறது யாரு? போனும் நேரமும் இருக்கிற வீடுதான். இளவட்டம் இருக்கிற தெருவுல தினமும் நாலு பேர் அமுக்குவான். விடியக்காலை 3 மணிக்குத் தண்ணி வர்ற தெருவுல குடத்தோட நிக்கிற பாட்டி அமுக்காது. உங்க வரைபடத்துல அந்தத் தெரு வெள்ளையாவே இருக்கும். அது தண்ணி வராத வெள்ளையா, ஆள் இல்லாத வெள்ளையா? பார்க்கிறவனுக்குத் தெரியாது. கடைசியில யாரு நிறையப் புலம்புறாங்களோ அவங்க பக்கம் லாரி போகும்.

அம்மாபேட்டை_தம்பி | சனி, இரவு 10.31

இதை நான் யோசிக்கல. அப்ப அரசாங்கத்துக்கிட்ட இருக்கிற கணக்கையே வாங்கிடலாமே? அப்படி ஒண்ணு இருக்குமா?

ஓய்வூதியர் | ஞாயிறு, காலை 6.15

தம்பிக்கு வணக்கம். உள்ளாட்சி அலுவலகம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுத்தராக இருந்தவன். எந்த ஊர் என்று கேட்க வேண்டாம்.

கணக்கு இல்லாமல் எந்த அலுவலகமும் ஓடாது. மோட்டார் எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு நிறுத்தியது என்று தொட்டி பார்ப்பவரிடம் ஒரு நோட்டு இருக்கும். ஓரம் நனைந்திருக்கும், ஆனால் இருக்கும். மேலே போகும் அறிக்கை அதிலிருந்துதான் பிறக்கிறது. பிறக்கும்போது கொஞ்சம் நிறம் மாறும் என்பது வேறு கதை. நீங்கள் கேட்க வேண்டியது அறிக்கையை அல்ல, நோட்டை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. அதற்கு முன்பே, 1997-இல், தமிழ்நாட்டுக்கென்று தனியாக ஒரு சட்டம் இருந்தது; பலருக்கு நினைவிருக்காது. 2005 சட்டத்தின் பிரிவு 4(1)(ஆ) என்ன சொல்கிறது என்றால், யாரும் மனுப் போடாமலேயே அலுவலகம் தன் கடமைகள், வரவு செலவு, பயனாளிகள் விவரம் ஆகியவற்றைத் தானே வெளியிட வேண்டும். மனு என்பது அது நடக்காதபோது எடுக்கும் ஆயுதம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு, பிறகு தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது.

என் மேசைக்கு வந்த மனுக்களில் பாதி ஒரே காரணத்தால் வீணாயின. "ஏன் தண்ணீர் விடவில்லை?" என்று கேட்பார்கள். ஏன் என்பதற்குக் கோப்பில் பதில் இருக்காது, "தகவல் ஏதும் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். நானே முடித்திருக்கிறேன். "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இந்தத் தொட்டிக்கான பம்பிங் பதிவேட்டின் நகல்" என்று கேட்டுப் பாருங்கள், தப்பிக்க இடமில்லை. நகல் கூட வேண்டாம், பிரிவு 2(ஒ)-இன்படி நேரில் உட்கார்ந்து பதிவேட்டைப் பார்க்கவும் குறிப்பெடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

தட்டுவடை_செட் | ஞாயிறு, காலை 7.02

ஐயா, "நானே முடித்திருக்கிறேன்"னு சொன்னதுக்கே உங்களுக்கு ஒரு தட்டுவடை செட் வாங்கித் தரணும்.

அம்மாபேட்டை_தம்பி | ஞாயிறு, காலை 10.45

ஐயா, ரொம்ப நன்றிங்க. நண்பர் ஒருத்தர் வேற ஒரு விஷயத்துக்கு வாங்கின பதில் பிடிஎஃப்பா இருந்துச்சு. சும்மா பழகிப் பார்க்கலாம்னு அதை எக்செல்லுக்கு ஏத்தினேன். தமிழா ஏறல. ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடும் கலந்து ஏதோ பேய் ஓட்டுற மந்திரம் மாதிரி வருது. கண்ணுக்குத் தமிழாத் தெரியுது, நகலெடுத்தா மந்திரம். என்னங்க இது?

எழுத்துரு | ஞாயிறு, காலை 11.20

வானவில் எழுத்துருவா இருக்கும். யூனிகோட் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) பரவலாகறதுக்கு முன்னாடி ஒவ்வொரு எழுத்துருவும் ஆங்கில எழுத்து இருக்கிற இடத்துல தமிழ் வடிவத்தை உட்கார வெச்சாங்க. திரையில தமிழ், கணினிக்கு அது இன்னும் ஆங்கில எழுத்துதான். 1999-ல டாம், டாப்னு ரெண்டு குறியீட்டைத் தரமா அறிவிச்சாங்க. 2010-ல கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டி யூனிகோடுதான் தரம்னு அரசாணையே வந்துச்சு. ஆனா விரல் பழகிப்போனது அவ்வளவு சீக்கிரம் மாறாது. நிறைய அலுவலகத்துல இன்னும் பழைய விசைப்பலகைதான் ஓடுது.

இதை யூனிகோடா மாத்திக் கொடுக்கிற மென்பொருள் இருக்கு, இலவசமாவே கிடைக்குது. பிடிஎஃப்ல இருந்து எடுத்து ஒட்டுனா எண்பது சதம் சரியா வரும், கொம்பும் காலும் இடம் மாறும். கையில திருத்தணும். படமா ஸ்கேன் பண்ணிக் கொடுத்திருந்தா அதுவும் கிடையாது.

"தரவு வெளியிட்டாச்சு"ன்னு சொல்றதுக்கும் அதை ஒரு ஆள் எடுத்துக் கூட்டிக் கழிக்கிறதுக்கும் நடுவுல இந்த ஒரு எழுத்துரு உட்கார்ந்திருக்குங்க. பத்து வருஷமா நான் பண்ற ஒரே சமூக சேவை வானவில்லை யூனிகோடா மாத்துறதுதான்.

தட்டுவடை_செட் | ஞாயிறு, மதியம் 1.10

சரி, விளையாட்டு போதும். சாப்பிட்டுட்டு யோசிச்சேன்.

நம்ம ஜில்லாவுல திறந்த தரவுன்னு ஒண்ணு எப்பவோ ஜெயிச்சிடுச்சு. மேட்டூர் நீர்மட்டம். எங்க தாத்தா பேப்பரைத் திறந்தா முதல்ல பார்க்கிறது அதுதான். நீர்மட்டம் இத்தனை அடி, வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை. டீக்கடையில எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரும் "நேத்தைவிட ரெண்டடி ஏறிடுச்சு"ன்னு பேசுவார். பாசனத்துக்கு அணை திறக்கிற ஜூன் 12 நெருங்கினா தஞ்சாவூர்க்காரங்களும் நம்ம ஊர் அணையைத்தான் பார்த்துட்டு இருப்பாங்க. ஆப் இல்ல, வரைபடம் இல்ல.

ஏன் அது மட்டும் எல்லாருக்கும் புரியுது? எனக்குத் தோணுறது இதுதான். 120. அணை கட்டி முடிச்சது 1934, அப்ப இருந்து நிரம்பினா 120 அடின்னு சேலத்துல பொறந்த குழந்தைக்கும் தெரியும். அதனால 97-னு சொன்னா 97 மட்டும் காதுல விழறதில்ல, இன்னும் 23 அடி பாக்கின்னு தானா விழுது. கொள்ளளவு 93.47 டிஎம்சிங்கிறது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்? 120 எல்லாருக்கும் இருக்கு.

தம்பி, உங்க தெருவுக்கு 120 எது? ஏழு நாளைக்கு ஒருக்கா தண்ணி வருதுன்னு நீங்க காட்டுறீங்க. எத்தனை நாளைக்கு ஒருக்கா வரணும்? அது தெரியாதவரைக்கும் உங்க கலர் வரைபடம் வெறும் கோலம்.

சந்தேகம் | ஞாயிறு, மதியம் 1.34

இவர் இவ்வளவு நேரம் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தார்?

ஓய்வூதியர் | ஞாயிறு, மாலை 4.00

நகரங்களுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடும்போது வைக்கும் அளவு. கிராமங்களில், 2019-இல் தொடங்கிய, வீட்டுக்கு வீடு குழாய் இணைப்பு தரும் ஜல் ஜீவன் திட்டத்தில், 55 லிட்டர். செய்தித்தாளில் வந்ததே இல்லை என்றாலும் உங்கள் 120 இவைதான்.

மலைமேல்_சிக்னல் | ஞாயிறு, இரவு 8.50

இப்பத்தான் பாறைமேல ஏறி உட்கார்ந்தேன், சிக்னல் கிடைச்சுது. ஏற்காடுன்னா நீங்க ஏரியையும் படகையும் நினைப்பீங்க. நாங்க அதுக்கும் அந்தப் பக்கம், நாகலூர் தாண்டி. எல்லாத்தையும் படிச்சேன். அந்த 55 விஷயத்துல எங்களுக்கு ஒரு அனுபவம் இருக்குதுங்க. ஊர் பேரு வேண்டாம்.

அந்தத் திட்டத்துக்கு ஒரு இணையதளம் இருக்கு, ஊர் ஊரா எத்தனை வீட்டுக்குக் குழாய் இணைப்புன்னு போட்டிருக்கும். எங்க சித்தப்பா பையன் கீழ சேலத்துல காலேஜ் படிக்கிறான், அவன் எடுத்துக் காட்டினான். அந்த ஊர்ல எல்லா வீட்டுக்கும் இணைப்பு இருக்குதுன்னு இருந்துச்சு. பொய்னும் சொல்ல முடியாது. குழாய் இருக்கு. வாசல்ல நட்டு வெச்சிருக்காங்க, எங்க அத்தை அதுலதான் ஆட்டைக் கட்டுறாங்க.

எல்லாரும் கோவப்பட்டு மனு எழுதலாம்னாங்க. பையன் வேற ஒண்ணு சொன்னான். அதே பக்கத்துல இணைப்புன்னா என்னன்னு விளக்கம் போட்டிருக்கு: ஆளுக்கு 55 லிட்டர், நல்ல தண்ணி, தொடர்ச்சியா வரணும். அதை அப்படியே தமிழ்ல எழுதி ஒரு தாள் அச்சடிச்சு, ரேஷன் கடை சுவத்துல ஒட்டிட்டோம். கீழ ஒரே வரி: நேத்து எங்க வீட்டுக்கு எத்தனை லிட்டர்? அவ்வளவுதான். ரெண்டு நாள்ல பென்சில்ல எழுத ஆரம்பிச்சுட்டாங்க. சைபர், சைபர், ரெண்டு குடம், சைபர். ஒரு வீட்டுல மட்டும் நிறைய வந்திருக்கு, அது வால்வுக்குப் பக்கத்து வீடு. அது வேற சண்டையாப் போச்சு.

அந்தத் தாளைக் கிழிச்சுக் கிராம சபைக்குக் கொண்டு போனோம். முன்ன வருஷத்துக்கு நாலு கூட்டம், இப்ப ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. 2025 ஜனவரியில ஊராட்சித் தலைவருங்க பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் வந்துட்டாங்க, ஆனா சபை நின்னுடல. கத்தறவங்க எல்லாக் கூட்டத்துலயும் கத்துவாங்க, அது தீர்மான நோட்டுல ஏறாது. நாங்க கத்தல. "உங்க பக்கத்துல 55-னு இருக்குங்க, எங்க தாள்ல சைபர்னு இருக்குங்க, ரெண்டையும் எழுதிக்குங்க"ன்னு ஒரு அக்கா சொல்லுச்சு. ரெண்டையும் எழுதினாங்க. நாலு மாசம் கழிச்சு மேல்தொட்டிக்குப் புது மோட்டார் வந்துச்சு. இப்ப ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஆட்டை வேற இடத்துல கட்டுறாங்க.

சிக்னல் பத்தியும் சொல்லணும். ஆப்னு சொன்னாலே எங்களுக்கு வயித்தெரிச்சல். நூறு நாள் வேலையில 2023 ஜனவரியில இருந்து எல்லா இடத்துலயும் ஆப்ல ரெண்டு வேளை போட்டோ எடுத்து வருகைப் பதிவுன்னு ஆச்சு. போட்டோ எடுத்தாச்சு, ஏத்தணுமே? பாறைக்கு ஓடணும். வேலை செஞ்ச கை காய்ச்சுப் போயிருக்கும், கணக்குல ஆப்சென்ட். 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில மண் சரிஞ்சப்ப, பஸ் போகுதா இல்லையான்னு ஒரு வரிச் சேதிக்கு நாங்க பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். எதைச் செஞ்சாலும் காகிதத்துலயும் இருக்கணும்ங்க.

குகை_பொண்ணு | ஞாயிறு, இரவு 9.15

"ரெண்டையும் எழுதிக்குங்க." அந்த அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

சந்தேகம் | ஞாயிறு, இரவு 9.40

நல்லா இருக்கு. ஆனா ரேஷன் கடைச் சுவத்துல வீடு வீடா எழுதினதுல ஒரு சங்கடம். வால்வுக்குப் பக்கத்து வீடு மாட்டிக்கிச்சு இல்ல? நாளைக்கு உதவித்தொகை வாங்குறவங்க பேரும் சுவத்துல வரும். யாரு விதவை, யாருக்கு என்ன ஊனம்னு ஊரே படிக்கும். இதுக்கெல்லாம் ஒரு எல்லை வேண்டாமா? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல வந்ததே இதுக்குத்தானே.

ஓய்வூதியர் | திங்கள், காலை 6.30

அந்தச் சட்டம்தான் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஒ)-ஐத் திருத்துகிறது. முன்பு, தனிப்பட்ட தகவலாக இருந்தாலும் பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்ற வாசகம் அந்தப் பிரிவிலேயே இருந்தது. திருத்தத்தில் அது போய்விட்டது. பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்று பொதுவாகச் சொல்லும் பிரிவு 8(2) இன்னும் இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. ஆனால் எனக்கு எழுத்தர்களைத் தெரியும். கொடுக்கலாமா வேண்டாமா என்ற சந்தேகம் வந்தால் எழுத்தர் கொடுக்க மாட்டார்.

பெயர் ஏன் வேண்டும் என்பதற்கு ஒரு பழைய செய்தி. 1994 டிசம்பரில் ராஜஸ்தானில் கோட் கிரானா என்ற ஊரில், மஜ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர் விவசாயிகள் அமைப்பு ஒரு பொது விசாரணை நடத்தியது. வேலை செய்ததாகக் கூலி எழுதப்பட்டிருந்தவர்களின் பட்டியலை மக்கள் முன் சத்தமாகப் படித்தார்கள். கூட்டத்தில் இருந்தவர்களே, வேலைக்குப் போகாதவர் பெயரும் இருப்பதைச் சொன்னார்கள். மொத்தத் தொகையை மட்டும் வெளியிட்டிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. இந்த நாட்டின் தகவல் உரிமைச் சட்டத்துக்கு வேர் அப்படிப்பட்ட கூட்டங்களில்தான் இருக்கிறது.

நோய், ஊனம் போன்றவற்றை மறைக்க வேண்டும். கூலி, ஒப்பந்தம், பில் தொகையை மறைக்கக் கூடாது. இது என் அபிப்பிராயம்.

சந்தேகம் | திங்கள், காலை 8.05

ஏத்துக்கறேன் ஐயா. முழுசா இல்ல, முக்கால்வாசி.

எழுத்துரு | திங்கள், காலை 8.20

உத்திரமேரூர் கல்வெட்டுலயே இருக்குங்க. கணக்குக் காட்டாத உறுப்பினர் மட்டுமில்ல, அவரோட சொந்தக்காரங்களும் குடவோலைத் தேர்தல்ல நிக்க முடியாது.

தட்டுவடை_செட் | திங்கள், காலை 8.22

வந்துட்டாருய்யா உத்திரமேரூர். இவ்வளவு நேரம் வரலையேன்னு பார்த்துட்டே இருந்தேன்.

அம்மாபேட்டை_தம்பி | திங்கள், காலை 11.00

நேத்து ராத்திரி தூக்கமே வரல. இங்கிலாந்துல 2007-ல இருந்து தெருவைச் சரி பண்ணச் சொல்லிப் புகார் போடுற ஒரு தளம் ஓடுது, ஃபிக்ஸ்மைஸ்ட்ரீட். அதைத்தான் மனசுல மாதிரியா வெச்சிருந்தேன். இப்பத்தான் உறைக்குது. அங்க புகார் நேரா உள்ளாட்சிக்குப் போகுது. அதைவிட முக்கியம், அந்தப் புகார் ஊருக்கே தெரியுற மாதிரி அங்கயே கிடக்குது. நமக்குப் புகார் எண் குறுஞ்செய்தியா வருது, அந்த எண் நமக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். போன வருஷம் நான் ஒரு இடத்துல தெருவிளக்குக்குப் புகார் போட்டேன், மூணாம் நாள் "தீர்க்கப்பட்டது"ன்னு வந்துச்சு. விளக்கு எரியல. என்னை மாதிரி அதே தெருவுல எத்தனை பேருக்குத் "தீர்க்கப்பட்டது"ன்னு வந்துச்சோ, ஒருத்தரை ஒருத்தர் பார்க்க வழியில்ல.

ஆப்பை விட்டுட்டேன். மலைக்காரர் மாதிரி ஒரு தாள் போதும்னு தோணுது. ஆனா எங்க தெருவுல முதல்ல இருந்து எழுத ஆரம்பிச்சா மூணு மாசம் ஆகுமே?

குகை_பொண்ணு | திங்கள், மதியம் 12.10

ஆகாது. எங்க பெரியம்மா உங்க அம்மாபேட்டையிலதான் இருக்காங்க, தறி ஓட்டுற வீடு. தண்ணி வர்ற நாள் தறியை நிறுத்தணும்ல, அதனால அவங்களுக்கு அது கூலிக் கணக்கு. ஹார்டுவேர் கடையில கொடுத்த மாசக் காலண்டர்ல தண்ணி வந்த நாளுக்கெல்லாம் பேனாவால குறி போடுவாங்க. வருஷம் முழுக்க. போன வருஷக் காலண்டர் இன்னும் ஆணியிலயே தொங்குது, புதுசு அதுக்கு மேல மாட்டியிருக்கு.

அம்மாபேட்டை_தம்பி | திங்கள், மதியம் 12.11

அக்கா!!! போகிக்கு எரிச்சுடப் போறாங்க!

குகை_பொண்ணு | திங்கள், மதியம் 12.14

போன் போட்டுச் சொல்லிட்டேன். "அதை வெச்சுக்கிட்டு என்னடி பண்ணப் போறீங்க"ன்னாங்க. பன்னிரண்டு பக்கத்தையும் தம்பி பையன் படம் எடுத்து அனுப்பியிருக்கான், இதோ போடறேன். நீங்களே எண்ணிக்குங்க.

ஓய்வூதியர் | திங்கள், மதியம் 2.30

அருமை. இதே பன்னிரண்டு மாதத்துக்கும் அந்தப் பகுதித் தொட்டியின் பதிவேட்டு நகலைக் கேட்டு மனு எழுதுங்கள். வாசகம் நான் எழுதித் தருகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிராம சபை போல 2022 முதல் மாநகராட்சிகளிலும் நடக்கிற பகுதி சபைக் கூட்டத்துக்குக் கொண்டு போகலாம். பெரியம்மாவையே பேசச் சொல்லுங்கள்.

அம்மாபேட்டை_தம்பி | திங்கள், மாலை 6.40

பன்னிரண்டு மாசமும் எண்ணி எக்செல்ல ஏத்திட்டேன். ஆச்சரியமா இருக்குங்க, நினைச்சதைவிட நிறைய நாள் தண்ணி வந்திருக்கு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா வர்ற மாதிரிக் கணக்கு வருது. அப்பா சொன்னதுதான் சரியோ?

குகை_பொண்ணு | திங்கள், மாலை 7.05

தம்பி, கொஞ்சம் பொறுங்க. பெரியம்மாகிட்ட கேட்டுட்டேன். பெருக்கல் குறிதான் தண்ணி. நீல வட்டம் பால்காரர் வராத நாளாம்.

அம்மாபேட்டை_தம்பி | திங்கள், மாலை 7.06

மறுபடி எண்றேன்.